எதிரே அமர்ந்திருந்தவரிடமிருந்து வந்த செய்தி

ஆய்வு மாணவி, காரைக்குடி

சென்ற ஆண்டு ஆய்வுச் சுருக்கத்தைச் சமர்ப்பிப்பதற்கு முந்தைய வாரத்தில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். வெட்கத்தால் இத்தனை மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தது தவறு என்று இப்போது படுகிறது.

மதிய இடைவேளைக்குச் சற்று முன், என் நெறியாளரின் பெயரும் புகைப்படமும் கொண்ட ஒரு வாட்ஸ்அப் எண்ணிலிருந்து ஆங்கிலத்தில் செய்தி வந்தது. தாம் கூட்டத்தில் இருப்பதால் பேச இயலாது என்றும், வெளியூர் விருந்தினர்களுக்குக் கொடுப்பதற்காக ஐயாயிரம் ரூபாய் கிஃப்ட் கார்டு இரண்டை உடனே வாங்கி அவற்றின் எண்களை அனுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது. எண் எனக்குப் புதியது. ஆனால் 'இது என் இன்னோர் எண்' என்ற ஒரு வரியே எனக்குப் போதுமானதாயிற்று. என்னை எப்போதும் 'ஏம்மா' என்று அழைப்பவர் அன்று 'டியர்' என்று தொடங்கியிருந்ததுகூட உறைக்கவில்லை.

பழைய எண்ணுக்கு அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூட்டத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யலாமா, சந்தேகப்படுகிறேன் என்று எண்ணிவிடுவாரோ என்ற தயக்கமே தடுத்தது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பத்தாயிரம் ரூபாய் போயிற்று. மூன்றாவது கார்டைக் கேட்டுச் செய்தி வந்தபோது நான் உணவகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். அங்கே நெறியாளர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருடைய கைப்பேசி மேசையில் கவிழ்ந்து கிடந்தது. என் திரையிலோ அவர் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

அன்றே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் பதிந்தோம். வங்கிக் கணக்குக்குச் சென்ற பணமாக இருந்தால், தாமதிக்காமல் சொல்லும்போது வழியிலேயே முடக்கிவைக்க வாய்ப்புண்டு. கார்டு எண்ணோ கைமாறிய சில நிமிடங்களில் செலவாகிவிடக்கூடியது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66டி பிரிவின்கீழ் இத்தகைய ஆள்மாறாட்டத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்றார்கள். அது ஆறுதல்தானே ஒழிய, பணமாகாது.

பிறகு நிதானமாகப் பார்த்தபோதுதான், துறையின் இணையப் பக்கத்திலேயே நெறியாளரின் படமும் அவரிடம் ஆய்வு செய்வோரின் பெயர்களும் இருப்பதைக் கவனித்தேன். மோசடி செய்தவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை; இருந்ததைப் படித்தார், அவ்வளவே. இப்போது நெறியாளர், புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளிலேயே, "பணமோ கடவுச்சொல்லோ ஓடிபியோ நான் எழுத்தில் கேட்கமாட்டேன். கேட்டதாகத் தெரிந்தால் நள்ளிரவானாலும் எனக்குப் போன் செய்" என்று சொல்லிவிடுகிறார்.

நூலகப் பணியாளர், தேவகோட்டை

மேலே எழுதியிருக்கும் ஆய்வு மாணவித் தங்கைக்கு வந்த அதே தயக்கம் நட்பின் பெயராலும் வரும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் நூலகத்தின் மின்னிதழ்களை வெளியிலிருந்து படிப்பதற்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஆய்வாளர் ஒருவர் வெளியூர் நண்பருக்குக் கொடுத்திருந்தார். கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை என்றார். ஒரு வார இறுதியில் அந்தக் கணக்கிலிருந்து இடைவிடாமல் கட்டுரைகள் பதிவிறக்கப்பட்டன. இயல்புக்கு மாறான அந்த வேகத்தைக் கண்ட பதிப்பகம், எங்கள் வளாகம் முழுவதற்குமான அனுமதியை நிறுத்திவிட்டது. திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்த பேராசிரியர்கள் யாருக்கும் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. நானும் விழித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வளவில், அதாவது செட்டிநாட்டுப் பெரிய வீட்டில், ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறையும் ஒரு சாவியும் உண்டு. சாவியை ஒருவரிடம் கொடுத்தால் நம் மடி வெறுமையாவதால், அது வெளியே இருக்கிறது என்ற நினைவாவது இருக்கும். கடவுச்சொல் கொடுத்த பிறகும் நம்மிடமே இருப்பதால், அது எத்தனை கைக்குப் போனாலும் நமக்குத் தெரிவதில்லை. எங்கள் நூலகத்தில் விசைப்பலகையின் அடியில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டுகளை நானே உரித்திருக்கிறேன். அவற்றுள் ஒன்று என் கையெழுத்து.

2023 அக்டோபரில் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகம் கணினி ஊடுருவலால் தாக்கப்பட்டு, அதன் இணையவழி நூற்பட்டியலே மாதக்கணக்கில் முடங்கியது. கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னோர் அடையாளத்தையும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு சேவையகத்தின் வழியே நுழைந்திருக்கக்கூடும் என்று அந்நூலகமே பின்னர் அறிக்கையில் எழுதியது. அதைப் படித்த அன்றே என் மின்னஞ்சலுக்கு அந்தச் சரிபார்ப்பை இணைத்தேன். குறுஞ்செய்தியைவிட, முப்பது விநாடிக்கொரு முறை எண் மாறும் செயலி எனக்கு வசதியாக இருக்கிறது. நம் கைப்பேசி எண்ணை இன்னொருவர் தம் சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் சிம் மாற்று மோசடிக்கும் அது பிடிகொடுப்பதில்லை.

விடுதி மாணவர், காரைக்குடி

என்னுடையது சிறிய கதை. ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைச் செருகி எடுத்த பிறகு, என் கோப்புறைகள் அத்தனையும் ஷார்ட்கட்களாக மாறியிருந்தன. அவற்றுள் ஒன்றை அறைக்கு வந்து சொடுக்கியதால் மடிக்கணினியும் கெட்டது. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவு அது. இப்போது அச்சுக்கு வேண்டிய பிடிஎஃப் ஒன்றை மட்டும் வெற்று பென் டிரைவில் கொண்டுபோகிறேன், திரும்பியதும் அதை அழித்துவிடுகிறேன். கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறப்பதே இல்லை. முன்பு ஒரு முறை திறந்து மூட மறந்ததால், இரண்டு நாள் கழித்துக் கடைக்கார அண்ணனே கூப்பிட்டு, "தம்பி, உன் வீட்டுச் செய்தியெல்லாம் இங்கே வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லும்படி ஆயிற்று.

அலுவலகக் கண்காணிப்பாளர், கானாடுகாத்தான்

கடவுச்சொல் மறந்துபோனால் கணக்கு மீட்புக்குக் கேட்கப்படும் கேள்விகளைப் பற்றி மேலே யாரும் எழுதவில்லை. 'தாய் பிறந்த ஊர் எது?' என்பது வேறு பக்கத்தில் இரகசியமாக இருக்கலாம். நம் செட்டிநாட்டுப் பக்கத்துத் திருமணப் பத்திரிகையைப் பிரித்தால் விலாசம் என்னும் குடும்ப முன்னெழுத்துகள், ஊர், குலத்தைக் காட்டும் கோவில் பிரிவு, ஐயா பெயர் எல்லாம் மஞ்சள் தடவி அச்சில் இருக்கின்றன. போதாக்குறைக்கு அதைக் குடும்பக் குழுக்களில் படமாகவும் அனுப்பிவிடுகிறோம். நானோ விலாச எழுத்துகளோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து, அதையே சம்பளப் பட்டியல் மென்பொருளுக்கும் மின்னஞ்சலுக்கும் பல காலம் கடவுச்சொல்லாக வைத்திருந்தேன். பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி, என் மேசையில் கிடந்த எங்கள் வீட்டுப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, மூன்றாவது முயற்சியிலேயே அதைச் சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து, ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறாக மாற்றினேன். தாய் பிறந்த ஊர் என்ற கேள்விக்கு இப்போது நான் கொடுத்திருக்கும் விடை ஓர் ஊரே அன்று. எங்கள் ஆத்தாவுக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார்.