ஆம்புக்கு எந்த வயர்? கருவாட்டு வாடை வந்த கதை

பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபையர்) எந்த வயர் போடுவது என்ற கேள்விக்கு, மலையகத்தின் மூன்று ஊர்களிலிருந்து வந்த அனுபவங்கள்.

நுவரெலியாவிலிருந்து:

போன டிசம்பரில் ஒரு ஆம்பும் சப்வூஃபரும் (அடிச்சத்தத்துக்கான ஸ்பீக்கர்) வாங்கினேன். ஹாலில் அப்போது இருந்தது ஒரே பிளக் பொயின்ட். இந்தக் குளிருக்கு ஹீட்டர் இல்லாமலும் முடியாது. சரி என்று ஐந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒன்றில் எல்லாவற்றையும் செருகி, மிச்ச வயரைச் சுருட்டிக் கம்பளிக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இரவு ஒன்பது மணியிருக்கும். "யார் வீட்லடா இந்நேரத்துல கருவாடு சுடுறாங்க?" என்றார் அம்மா. எனக்கும் அதே வாடை. கம்பளியைத் தூக்கினால், வயர் இளகி ஒரு சுற்று இன்னொரு சுற்றோடு ஒட்டிக் கிடந்தது. பிளக்கில் ஒரு பின்னைச் சுற்றிப் பழுப்பு வளையம். சூடேறிய பிளாஸ்டிக் சில நேரம் மீன் வாடை அடிக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் வயரிங் வேலை செய்யும் பாஸ் வந்து தோலை உரித்து இழைகளை எண்ணினார். 24 இழை. கடையில் 24/0.20 என்பார்களே, அதுதான்: 0.20 மில்லிமீட்டர் தடிப்பில் 24 இழை, மொத்தம் 0.75 சதுர மில்லிமீட்டர். "தம்பி, இது 6 ஆம்பியர் வயரு. ஒங்க ஹீட்டரு மட்டுமே 2000 வாட்" என்றார். 230 வோல்ட்டில் அது 8.7 ஆம்பியர். ஆம்ப் பாவம், நான் வைக்கும் சத்தத்துக்கு அரை ஆம்பியர்கூட இழுத்திருக்காது.

ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை என்று கேட்டேன். அது கசியும் கரண்டைத்தான் பார்க்குமாம். பிளக்கில் இருந்ததோ 13 ஆம்பியர் பியூஸ், 9 ஆம்பியருக்கு அது அசையாது. அந்த வயருக்கு 3 ஆம்பியர் பியூஸ் போட்டிருந்தால் ஹீட்டரைப் போட்டதுமே போயிருக்கும்.

இப்போது ஹீட்டருக்கு 7/0.67 வயரில், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டரில், தனிப் பொயின்ட். ஆம்புக்கு 1.0, எக்ஸ்டென்ஷன் 1.5. விரல் தடிப்பில் 'ஓடியோ' வயர் ஒன்றைக் காட்டி, பாட்டு தெளிவாகும் என்று கடைக்காரர் சத்தியமே செய்தார். சுவருக்குள் ஓடுவதே 2.5, கடைசி ஒன்றரை மீட்டரை மட்டும் தடிப்பாக்கி என்ன வரப்போகிறது?

ஹட்டனிலிருந்து:

எங்கள் தோட்டத்தில் வீட்டு செட்டைத்தான் கோயில் திருவிழாவுக்கும் தூக்கிக்கொண்டு போவோம். லயத்திலிருந்து கோயிலுக்கு 40 மீட்டர். அதே 0.75 வயர். மேளம் விழும்போதெல்லாம் பல்பு மங்கும். நாங்கள் அதை லைட் ஷோ என்று ரசித்துக்கொண்டிருந்தோம்! போக வர 80 மீட்டர், வயரின் தடை ஏறக்குறைய 2 ஓம். 8 ஆம்பியர் இழுத்தால் 16 வோல்ட் வழியிலேயே போய்விடும். இப்போது 2.5 ரோல் வைத்திருக்கிறோம், சுருளாகக் கிடந்தால் சூடேறும் என்பதால் முழுதாகப் பிரித்துத்தான் போடுவோம்.

பண்டாரவளையிலிருந்து:

எழுதியிருப்பதை நம்பாதீர்கள். 1.5 என்று அச்சடித்த வயரின் இழையை பிளேடால் சுரண்டினேன், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்.

அப்புறம் இன்னொன்று. ஆம்பின் இரைச்சல் போக எர்த் வயரைக் கழற்றிவிடு என்று ஒருவர் சொன்னார், நானும் கழற்றினேன். இஸ்தோப்பில் ஈரக்காலோடு நின்று ஆம்பைத் தொட்ட மகனுக்குச் சுரீரென்று அடித்துவிட்டது. அன்றைக்கே எர்த்தைத் திரும்பப் பூட்டிவிட்டேன். கொஞ்சம் இரைகிறது, இரைந்துவிட்டுப் போகட்டும்.