புறநானூறு 192 அனிமேஷன்: புணையில் ஆள் உண்டா, இல்லையா?

பினாங்கு அகவல்:
செந்தூல் கோடு நேத்து இப்படி எழுதியிருக்கார்: "192ஆம் பாட்டை நாலு நிமிஷ அனிமேஷனா எடுக்கணும்னா புணைமேல ஓர் ஆளை உட்கார வைக்காம முடியாது." கணியன் பூங்குன்றனாரோட "யாதும் ஊரே யாவரும் கேளிர்" பாட்டைத்தான் சொல்றார். எரிச்சலா வருது. "நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்." ஆத்துத் தண்ணி போற வழியில போற புணை, அதாவது தெப்பம் மாதிரி, உயிரும் முறைவழியில, அதாவது விதி போற வழியில போகுது. புணைதான் உயிர். அதுமேல ஓர் ஆளை ஏத்தினா உயிர்மேல இன்னோர் உயிர் சவாரி போகுது. கையில துடுப்பும் இருந்தா முறைவழி எங்கே மிச்சம்? அவன் இஷ்டத்துக்குத் திருப்பிடுவான். ஆள் கிடையாது.

செந்தூல் கோடு:
அண்ணே, துடுப்புன்னு நான் சொல்லவே இல்லை. கணக்கைப் பாருங்க. 240 விநாடி, விநாடிக்கு 24 ஃபிரேம், மொத்தம் 5760. ஒரே படத்தை ரெண்டு ஃபிரேமுக்குக் காட்டினாலும் 2880 படம் வரையணும். பாட்டோ 13 அடி. அடிக்கு 5 விநாடி எடுத்து நிதானமா வாசிச்சாலும் ஒரு நிமிஷம் சொச்சத்துல முடிஞ்சிடும். மீதி மூணு நிமிஷம் சனம் எதைப் பார்க்கும், நாலு மூங்கிலையா? முகம் இல்லாம நடிப்பு இல்லை.

பினாங்கு அகவல்:
எடை இருந்தா நடிப்பு தானா வரும் தம்பி. புணை பாறையில மோதுது. முன்பக்கம் நிக்குது, பின்பக்கம் சுத்திக்கிட்டு வருது. ஏழெட்டு ஃபிரேம் அசையாம நிறுத்துங்க. பின்னால தண்ணி ஏறி ஒரு முனையைத் தூக்கும், அப்புறம் வழுக்கி விடுபடும். ஒவ்வொரு மோதலுக்கும் கட்டு கொஞ்சம் தளரணும். இதைவிட என்ன நடிப்பு? கெட்டுப்போறது தண்ணியிலதான். 8 படத்துல ஒரு சுழற்சி வரைஞ்சு அதையே ஓட்டுவாங்க, மூணாவது சுத்துல கண்ணு கண்டுபிடிச்சிடும். 8, 11, 13 படம்னு மூணு அடுக்கா வரைஞ்சு ஒண்ணுமேல ஒண்ணு போடுங்க. மூணும் மறுபடி ஒண்ணா சேர 1144 படம் ஆகும், ரெண்டு ஃபிரேமுக்கு ஒண்ணுன்னா 95 விநாடி. வரைஞ்சது 32 படம்தான். ஆளை வரையுற உழைப்பை இங்கே போடுங்க.

பிரிக்பீல்ட்ஸ் வெட்டு:
ரெண்டு பேரும் விட்டது ஒண்ணு இருக்கு. பின்னணி ஃபிரேமுக்கு ஃபிரேம் நகரும்போது புணையை ரெண்டு ஃபிரேமுக்கு ஒருதரம் வரைஞ்சா அது தண்ணிமேல வெட்டி வெட்டி இழுக்கும். கேமரா நகர்ற ஷாட்ல மட்டும் புணையும் ஃபிரேமுக்கு ஒண்ணா போகணும். இன்னொண்ணு, இது நேரிசை ஆசிரியப்பா, கடைசிக்கு முந்தின அடியில மட்டும் ஒரு சீர் குறையும். அந்த ஈற்றயல் அடி "பெரியோரை வியத்தலும் இலமே" மூணே சீர். அடிக்கு ஒரு ஷாட்னு சம நீளத்துல வெட்டினா அங்கே குரல் முன்னாடி முடிஞ்சு படம் தொங்கும். பாட்டுல வர்ற மின்னலையும் விநாடிக்கு மூணு தடவைக்கு மேல வெட்ட விடாதீங்க, வலிப்பு உள்ளவங்களுக்கு ஆபத்து.

செந்தூல் கோடு:
நல்லது. ஆனா கேள்வி அது இல்லை. சங்கப் பாட்டுல புணையில ஆள் இருக்கா இல்லையா? அகநானூறு 6, பரணர்: "வேழ வெண்புணை தழீஇ." நாணல் புணையைத் தழுவிக்கிட்டுப் போறாங்க. அப்போ ஆள் உண்டு!

பினாங்கு அகவல்:
அது காதலியோட ஆடுற புனலாட்டு! இது பொதுவியல் திணை, வாழ்க்கை உண்மையை எடுத்துச் சொல்ற பொருண்மொழிக்காஞ்சித் துறை. ரெண்டுலயும் புணைங்கிற சொல் வந்துட்டா ரெண்டும் ஒண்ணாயிடுமா? முன்னாடி நடந்த குறள் ஸ்டோரிபோர்டு விவாதத்துலயும் இப்படித்தான் ஒரு சொல்லைப் பிடிச்சுத் தொங்கினீங்க. வேழம்னு பரணர் சொன்னதை மட்டும் எடுத்துக்குங்க, மூங்கிலுக்குப் பதிலா நாணலால கட்டுங்க. ஆளைக் கரையிலேயே விடுங்க.

செந்தூல் கோடு:
குறள் விவாதத்துல பாதியில ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். ஆள் வேணும்.

கிள்ளான் கரை:
ஆத்துக்கு எதைப் பார்த்து வரையப் போறீங்க? கோலாலம்பூர்ல மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசல் பக்கத்துல கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுற இடம் கைகிட்டவே இருக்கே.

பினாங்கு அகவல்:
அங்கே ரெண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர். "கல் பொருது இரங்கும்" ஆத்துல தண்ணி கல்லுல அடிச்சு முழங்கணும். எங்க பினாங்கு தாவரவியல் பூங்கா நீர்வீழ்ச்சியைப் போய்ப் பாருங்க, பாறையில தண்ணி எப்படிப் பிரிஞ்சு கூடுதுன்னு தெரியும்.

செந்தூல் கோடு:
"மல்லல் பேர்யாறு" அண்ணே! பினாங்குத் தீவுல பேர்யாறு ஏது?

பினாங்கு அகவல்:
பினாங்கு மாநிலத்துக்கும் கெடாவுக்கும் எல்லையில மூடா ஆறு இருக்கு. அகலத்தை அங்கே எடுங்க, பாறையைப் பூங்காவுல எடுங்க.

கிள்ளான் கரை:
மலாய் சப்டைட்டில்ல "யாவரும் கேளிர்"ல வர்ற "கேளிர்", அதாவது உறவினர், என்ன? "சவுடாரா" சரியா வருமா? நண்பர்னு போட்டா உறவு போயிடும்.

பிரிக்பீல்ட்ஸ் வெட்டு:
"சவுடாரா" போடலாம். ஆனா ஒரே வரியில நிக்கணும். ரெண்டு வரியானா கீழே புணையை மறைச்சிடும்.

பினாங்கு அகவல்:
புணையைத் திரையின் மேல்பாதிக்கு ஏத்துங்க, எழுத்து கீழே இருக்கட்டும். தண்ணி தொடுற கோட்டுக்குத் தனி மாஸ்க், அதாவது தண்ணிக்குள்ள இருக்கிற பகுதியை மறைக்கிற வடிவம், வரையுங்க, இல்லேன்னா புணை மிதக்காம ஒட்டின மாதிரி தெரியும். பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழவும் மாட்டோம்னு வர்ற கடைசி ரெண்டு அடிக்குப் பெரிய மரமும் சின்னச் சருகும் ஒரே வேகத்துல புணையைத் தாண்டிப் போகட்டும். பெரியோரும் சிறியோரும் அதுலயே வந்துட்டாங்க. ஆள் எதுக்கு?

செந்தூல் கோடு:
மரத்தையும் சருகையும் பார்த்துப் பெரியோர் சிறியோர்னு எந்தப் பிள்ளைக்குப் புரியும்? "தெளிந்தனம்"னு பாட்டுல ஒருத்தர் சொல்றாரே, அவர் எங்கே நிக்கிறார்?

பினாங்கு அகவல்:
கரையில. கேமராவுக்குப் பின்னால. புணையில இல்லை.

செந்தூல் கோடு:
அப்போ அந்தக் கேமராவை எதுமேல வச்சு ஆத்தோட கூடவே நகர்த்தப் போறீங்க? இன்னொரு புணைமேலயா?