புது உப்புத்தண்ணி டேங்க்ல ஹார்டு கோரல் எப்ப வைக்கலாம்? (மதுரை)

கேகேநகர்_ரீஃப்:
அண்ணே வணக்கம். நாலடி டேங்க், சைக்கிள் (கழிவ முறிக்கிற பாக்டீரியா வளர்ற காலம்) முடிஞ்சு அம்மோனியா நைட்ரைட் ரெண்டும் ஜீரோ, க்ளௌன் மீன் ஜோடி நல்லா ஓடுது, எலும்புக்கூடு கட்டாத லெதர் கோரலும் விரிஞ்சு நிக்குது. இப்ப ஹார்டு கோரல், அதான் கல் பவளம் மேல ஆசை. நேரா அக்ரோபோரா (வளக்கக் கஷ்டமான ஹார்டு கோரல்) வாங்குன்னு சிலர், ஒரு வருசம் தொடாதன்னு சிலர், ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாய்ங்க. ராமேஸ்வரத்துல கூட்டாளி ஒருத்தன் கரை ஒதுங்குன பவளம் கொண்டாந்து தாரேங்குறான், வாங்கலாமா? தண்ணி வீட்டு ஆர்ஓ தான்.

திருமங்கலத்தான்:
தம்பி, மொதல்ல கூட்டாளிக்குப் போன போட்டு வேணாம்னு சொல்லிருங்க. மன்னார் வளைகுடா தீவெல்லாம் 1986லயே கடல் தேசியப் பூங்கா ஆயிருச்சு, கல் பவளம் அத்தனையும் 2001லருந்து வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, புலி இருக்குற அதே லிஸ்ட்டு. செத்த துண்டு வச்சிருந்தாலும் கேஸு தான். வெளிநாட்டு ஹார்டு கோரலுக்கும் சைட்டிஸ் (அழியுற உயிரின வியாபாரத்துக்கான உலக ஒப்பந்தம்) பெர்மிட் வேணும், பேப்பர் காட்டாத கடைப்பக்கமே போவாதீங்க.

உப்புக்காரன்:
அம்மோனியா ஜீரோங்குறது மீனுக்கு சரி. ஹார்டு கோரல் எலும்பு கட்டுறதே தண்ணில இருக்குற கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான், அதனால ஆல்கலினிட்டி (அந்த கார்பனேட் எவ்வளவு இருக்குங்குற அளவு) தான் இங்க ராசா. அது 8லருந்து 9 டிகேஹெச் (ஆல்கலினிட்டி அலகு), கால்சியம் 420 பிபிஎம் பக்கம், மெக்னீசியம் 1300 பிபிஎம் பக்கம் இருக்கட்டும், ஆனா 8ஆ 9ஆங்குறத விட இன்னைக்கி 8 நாளைக்கி 10ன்னு ஆடாம இருக்குறது தான் முக்கியம், ஆடுச்சுன்னா அக்ரோ அடியிலருந்து தோல் உரிஞ்சு வெள்ளையா நிக்கும். தினம் ஒரே நேரத்துல டெஸ்ட் பண்ணி எழுதி வைங்க. கல்லுல ஊதா கலர்ல கோரலைன் பாசி தானா படர ஆரம்பிச்சா டேங்க் பக்குவத்துக்கு வருதுன்னு அர்த்தம்.

அப்புறம் அந்த வீட்டு ஆர்ஓ. ருசிக்காக போர் தண்ணியவே கொஞ்சம் திரும்பக் கலக்குற திருகு ஒண்ணு அதுல இருக்கும், டிடிஎஸ் கன்ட்ரோலர்ம்பாய்ங்க. அத மூடிட்டு, பின்னாடி டிஐ கேட்ரிட்ஜ் (மிச்ச உப்பையும் இழுக்குற ஃபில்டர்) ஒண்ணு மாட்டி, டிடிஎஸ் மீட்டர்ல 0 வந்தா மட்டும் ஊத்துங்க.

மேலூர்_மச்சான்:
வெயில விட்டுட்டீங்களேப்பா! அக்னி நட்சத்திரத்துல ஹால்ல வச்ச டேங்க் அசால்ட்டா 31, 32 டிகிரி போகும், கோரலுக்கு 25–27 தான் வேணும். சில்லர் (தண்ணிய குளுத்துற மெஷின்) வாங்க காசில்லன்னா சம்ப் (டேங்குக்குக் கீழ இருக்குற ஃபில்டர் தொட்டி) மேல ஃபேன் வைங்க, நம்மூரு காய்ஞ்ச காத்துக்கு அது சென்னைய விட நல்லாவே குளுத்தும். ஆனா தண்ணி வத்தும், உப்பு ஏறும், வத்துனதுக்கு உப்பு கலக்காத அந்த ஆர்ஓ தண்ணிய மட்டும் ஊத்தணும், தானா ஊத்துற ஆட்டோ டாப்பப் இருந்தா நிம்மதி. கரண்ட் போனாலும் ஓடுற மாதிரி வேவ்மேக்கர (தண்ணிய அலையடிக்க வைக்கிற பம்ப்) இன்வெர்ட்டர்ல மாட்டிருங்க.

கேகேநகர்_ரீஃப்:
நன்றிண்ணே, கூட்டாளிட்ட சொல்லிட்டேன். அப்ப மொதல்ல எது வைக்க?

உப்புக்காரன்:
ஹார்டு கோரல்லயே டங்கன், இல்லன்னா ஹேமர், பேப்பரோட கெடச்சா. டிப்புல (பூச்சி போக்குற மருந்துத் தண்ணி) முக்கி ஃப்ளாட்வார்ம் (கோரல்ல ஒட்டுற தட்டப்புழு) இருக்கான்னு பாத்துட்டு கீழ மணல் பக்கம் வைங்க, லைட்ட பாதியா கொறைச்சு வாரா வாரம் கொஞ்சமா ஏத்துங்க. ஹேமர லெதருக்குக் கிட்ட வைக்காதீங்க, கொட்டிரும். அது நின்னுச்சுன்னா மாண்டிபோரான்னு இன்னொரு ஹார்டு கோரல், அக்ரோ கடைசில.