மறு: பூச்சிக்குள் வாழும் பற்றீரியாவுக்கு என்ன பெயர்?

அன்பின் தம்பிக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

பூச்சியின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உதவும் பற்றீரியாவுக்கு நீங்கள் எழுதிய 'அகவொட்டுண்ணி'யை ஏற்க மனம் வரவில்லை. வீட்டுக்குச் சோறு போடுகிறவரை ஒட்டுண்ணி என்று எப்படிச் சொல்வது? இரண்டு உயிர்கள் சேர்ந்து வாழ்வதற்குப் பாடநூலில் 'ஒன்றியவாழ்வு' ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து 'அகவொன்றி' என்று எடுப்போம்.

எனக்கு உறுத்துவது அடுத்த கேள்வி. பரம்பரையாக வரும் அகவொன்றியையும் வெளியிலிருந்து சேரும் அகவொன்றியையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? 'செங்குத்துக் கடத்தல்', 'கிடைக் கடத்தல்' என்றால் பிள்ளைகளுக்கு எதுவும் மனதில் எழாது.

நேற்றுக் காலை பின்வளவில் பயற்றங்கொடியின் குருத்தைத் திருப்பினேன். கறுப்பு அழுக்கணவன் (சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி) அப்பிக் கிடந்தது. கைவில்லையை வைத்துப் பார்த்தால் ஒரு தாய் குட்டி ஈன்றுகொண்டிருந்தது. குட்டியின் பின்பக்கம்தான் முதலில் வந்தது. அது பிறக்கும்போதே உடலுக்குள் புக்னெரா பற்றீரியா இருக்கிறது. அழுக்கணவன் குடிக்கும் உரியச் சாற்றில் (செடி உணவைக் கடத்தும் குழாய்களின் சாறு) சீனி நிறைய, தேவையான அமினோ அமிலங்கள் குறைவு. அந்தக் குறையை நிரப்புவது புக்னெராதான். கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படியே கைமாறி வந்ததில் அதனிடம் ஏறத்தாழ 600 பரம்பரையலகுகளே (மரபணுக்களே) மிஞ்சியிருக்கின்றன. நம் குடலில் வாழும் ஈ.கோலையிடம் 4,000க்கு மேல் உண்டு. புக்னெராவால் இனி வெளியே தனித்து வாழ முடியாது.

சோயாக்காயில் சாறு குடிக்கும் யப்பானியப் பூச்சியொன்றின் கதை வேறு. அது ஒவ்வொரு தலைமுறையும் மண்ணிலிருந்து பேர்க்கோல்டேரியா என்ற பற்றீரியாவைப் புதிதாய்த் தேடிக்கொள்கிறது. பெனிட்ரோதியன் என்ற பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்த மண்ணில் அந்த மருந்தையே தின்னும் பேர்க்கோல்டேரியா பெருகும். அதைச் சேர்த்துக்கொண்ட குஞ்சை மருந்து எளிதில் கொல்லாது. பூச்சியின் சொந்தப் பரம்பரையலகு ஒன்றும் மாறவில்லை! 2012 இல் வெளியான இந்தச் செய்தி எங்கள் தோட்டக்காரருக்கும் போய்ச் சேரவேண்டும்.

சரி, சொல்லுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான தேசவழமையில் முதுசம் (பரம்பரையாக வந்த சொத்து), தேடியதேட்டம் (தாமே தேடிச் சேர்த்த சொத்து) என்று இரண்டு சொற்கள் கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் காணி உறுதி பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஆகவே 'முதுசவொன்றி', 'தேட்டவொன்றி' என்று வைக்கலாம். தாய்வழி வருவதற்குச் சீதனம் பொருந்தாதா என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். சீதனம் கலியாணத்தோடு வருவது, புக்னெரா கருவிலேயே வந்துவிடுகிறது.

தமிழகத்து நண்பர்களுக்குத் 'தேட்டம்' புதிதாக இருந்தாலும் 'தேடு' தெரிந்ததுதானே.

புக்னெராவுக்கு இடம் கொடுக்கும் பூச்சிக்கலத்துக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. 'பற்றீரியாக்குழியம்' என்றால் பற்றீரியாவின் சொந்தக் கலம் என்று மயங்கும். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.