புதுப்பிப்பு: அண்ணனின் குடி, வியாழக்கிழமைக் கூட்டம்

அண்ணனின் குடியை நிறுத்த வழி கேட்டு மூன்று மாதத்துக்கு முன் எழுதியிருந்தேன், கிறிஸ்தவ சபை நடத்தும் கூட்டத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னீர்கள். சரி, போனோம். கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தை, பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரை, பிளேன்டீ. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஏஏ (Alcoholics Anonymous, குடியை விட ஒருவருக்கொருவர் உதவும் சங்கம்) அமைப்பின் 12 படிகளை, பைபிளில் மத்தேயு 5ஆம் அதிகாரத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள். முதல் கிழமை அண்ணன் வாயே திறக்கவில்லை, எழும்பி ஓடுகிறவர் மாதிரி வாசல் பக்கமே இருந்தார்.

ஒரு பெரிய பிழையும் விட்டோம், அது எங்களுடையதுதான். ஜெபம் போதும் என்று நம்பி, வருஷக்கணக்காகக் கசிப்பு (கள்ளச் சாராயம்) குடித்தவரை ஒரேயடியாக நிறுத்த வைத்தோம், மூன்றாம் நாள் கை நடுங்கி, வலிப்பு வந்து, நடுச்சாமத்தில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று விட்டால் அப்படி வரும், உயிருக்கே ஆபத்தாம். அதனால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள், கூட்டம் அப்புறம்.

இடையில் ஒரு கலியாண வீட்டில் மறுபடி குடித்தார். வியாழன் அதை அவரே எல்லார் முன்னாலும் சொன்னார், ஒருவரும் புத்தி சொல்லவில்லை, பக்கத்திலிருந்த மீன்கார ஐயா தோளில் கை போட்டார், அவ்வளவுதான். குடிக்காமல் இன்றோடு 41 நாள். நேற்றுக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கினது அண்ணன்தான்.