ஏற்றிறக்கியா, நிரவியா?

பொருள்: பக்-பூஸ்ட் கன்வர்ட்டருக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்குள்

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பழுதுநீக்கக் கையேட்டில் பவர் பேங்க் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எடுத்துக்கொண்ட சுற்றில் 18650 வகை லித்தியம் செல் இரண்டு தொடரிணைப்பில். வெளியீடு 5 அல்லது 9 வோல்ட், 2 ஆம்பியர். செல்கள் நிரம்பியிருந்தால் 8.4 வோல்ட், தீரும் தறுவாயில் 6. ஆக, 5-க்கு இறக்க வேண்டும், 9-க்கு ஏற்ற வேண்டும். ஒரு காயிலும் ஸ்விட்சாக இயங்கும் நான்கு மாஸ்ஃபெட்டும் இரண்டு வேலையையும் பார்க்கின்றன. இதுதான் பக்-பூஸ்ட் கன்வர்ட்டர். வரைவில் இதை 'ஏற்றிறக்கி' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

கோ.

—

கோ. அவர்களுக்கு,

ஏற்று மின்மாற்றி, இறக்கு மின்மாற்றி என்று பள்ளியிலேயே படித்து வந்தவர்களுக்கு இந்த இரண்டு வேரும் பழக்கம். ஐயம் புணர்ச்சியில்தான். ஏற்றி + இறக்கி என்றால் உடம்படுமெய் வந்து 'ஏற்றியிறக்கி' ஆக வேண்டும். 'ஏற்றிறக்கி' என்பது ஏற்று + இறக்கி. குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது. முதற்சொல்லை வினைத்தொகையாகக் கொண்டால் 'ஏற்றுகின்ற இறக்கி' என்று பொருள்படும். ஏற்றுவது எப்படி இறக்கியாகும்?

பு.

—

பு. ஐயா, 'ஏற்றிறக்கு' என்று முதலில் உம்மைத்தொகையாக்கி, பிறகு இகர விகுதி சேர்த்தால் அந்த முரண் வராது. என் மறுப்பு வேறு. 'ஏற்ற இறக்கம்' என்றதும் தங்கம் விலைதான் நினைவுக்கு வரும். பழுது அட்டவணையில் 'வெளியீட்டில் ஏற்ற இறக்கம்' என்று ஒரு நோய்க்குறியே இருக்கிறது. நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயரா? உள்ளே 8.4 வந்தாலும் 6 வந்தாலும் வெளியே 9 அசையாமல் நிற்கிறது. அதுதான் இந்தக் கருவியின் சிறப்பு. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி வயலைச் சமன் செய்வதை நிரவுதல் என்கிறோம். 'நிரவி' என்று வையுங்கள். மூன்றே எழுத்து.

ம.

—

எந்தப் பெயர் வந்தாலும் அதை இரண்டாகப் பிரிக்க முடிய வேண்டும். பழுது பார்க்கும் முறையே அதைக் கேட்கிறது.

இந்தச் சுற்றில் அடிக்கடி வரும் புகார்: 5 வோல்ட்டில் ஃபோன் ஒழுங்காகச் சார்ஜ் ஆகும், 9-க்கு மாறியதும் விட்டுவிட்டு அணைந்து எரியும். உடனே சுற்றைக் கட்டுப்படுத்தும் ஐசியை மாற்றுவார்கள். பழுது பெரும்பாலும் அங்கே இல்லை.

இறக்கும்போது காயிலில் ஓடுவது வெளியீட்டு மின்னோட்டம், அதாவது 2 ஆம்பியர். ஏற்றும்போது ஓடுவது உள்ளீட்டு மின்னோட்டம். 9 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 18 வாட். திறன் 90 விழுக்காடு என்று வைத்தால் உள்ளே 20 வாட் வேண்டும். செல்கள் 6.4 வோல்ட்டில் இருக்கையில் அது 3.1 ஆம்பியர், அதன் மேல் ஏறி இறங்கும் அலைவையும் சேர்த்தால் உச்சம் 3.6-ஐ எட்டும். 3 ஆம்பியரில் காந்தப்புலம் நிரம்பித் தெவிட்டிவிடும் காயில், 5 வோல்ட்டில் எந்தக் குறையும் காட்டாது. 9-ல் தெவிட்டி மாஸ்ஃபெட்டைச் சுடவைக்கும். தெவிட்டு மின்னோட்டம் 5 ஆம்பியருக்குக் குறையாத காயில் போட வேண்டும்.

காயில் சரி என்றால் அடுத்தது வயர். நிக்கல் பட்டை, பாதுகாப்பு போர்டு, வயர் எல்லாம் சேர்ந்து 0.15 ஓம் இருந்தாலே 3.1 ஆம்பியரில் 0.47 வோல்ட் வழியில் போய்விடும். போர்டுக்குக் கிடைப்பது 5.9. அழுத்தம் குறைந்ததால் அதே 20 வாட்டுக்கு 3.4 ஆம்பியர் இழுக்கும். வீழ்ச்சி இன்னும் கூடும். 6 வோல்ட்டில் வெட்டும்படி வைத்திருந்தால் அணையும்; சுமை நீங்கியதும் அழுத்தம் மீளும், மறுபடி எரியும். மீட்டரின் ஒரு முனையைச் செல்லின் நேர்முனையிலும் மறுமுனையைப் போர்டின் உள்ளீட்டு நேர்முனையிலும் வைத்து, சுமை ஓடும்போது அளந்தால் வீழ்ச்சி நேரே தெரியும். எதிர்முனைப் பக்கமும் அப்படியே அளக்க வேண்டும்.

சோதனைக்கு ஃபோனைப் பலி கொடுக்க வேண்டாம். 18 ஓம், 10 வாட் சிமென்ட் மின்தடை நான்கு போதும். 9 வோல்ட்டில் ஒவ்வொன்றாகப் பக்கவிணைப்பில் சேர்த்தால் 0.5, 1, 1.5, 2 ஆம்பியர். எந்தப் படியில் விழுகிறது என்று கண்டுபிடிக்கலாம். அதற்கும் முன்னால் சுமையில்லாமல் வெளியீட்டை அளக்க வேண்டும்: வெளியீட்டு அழுத்தத்தை ஐசிக்குத் தெரிவிக்கும் பின்னூட்டப் பிரிப்பானில் மேல் மின்தடை அறுந்திருந்தால் ஐசிக்குத் தகவலே போகாமல் அழுத்தம் தறிகெட்டு ஏறும்.

ஆகவே 'ஏற்றுநிலைப் பழுது', 'இறக்குநிலைப் பழுது' என்று இரண்டு பத்தி வேண்டும். நிரவி என்ற சொல்லுக்குள் அவற்றைப் போட இடமில்லை.

தெ.

—

உங்களுக்கு மின்மாற்றி, இலங்கையில் எங்களுக்கு நிலைமாற்றி. அதனால் 'மாற்றி' என்று முடியாத சொல்லே இரு கரைக்கும் நல்லது.

ஏற்று என்ற வேர் நாம் நினைப்பதைவிட ஆழமானது. கிணற்று ஏற்றத்தை எண்ணிப் பாருங்கள். அது நீரை ஒரே ஒழுக்காகத் தூக்குவதில்லை. சால் சாலாக மொண்டு மேலே கொட்டுகிறது. காயிலும் அப்படித்தான்: ஒரு ஸ்விட்ச் மூடும்போது மொள்கிறது, திறக்கும்போது கொட்டுகிறது. கொள்ளளவிதான் (உங்கள் மின்தேக்கி) தொட்டி. நிரம்பிய சாலை எவ்வளவு நேரம் அமிழ்த்தினாலும் ஒரு துளி கூடாது, தெ. சொல்லும் தெவிட்டல் அதுவே.

ஆங்கிலத்தில் 'பக்' என்றால் எதிர்த்து நிற்றல் என்று பொருளுண்டு. ஆண்மானுக்கும் அதே சொல். ஆண்மான் தமிழில் கலை. முட்டித் தள்ளும் விலங்கு என்பதால் இறக்கும் பகுதிக்கு 'முட்டு' என்ற வேரையும் எண்ணலாமா?

யோ.

—

ஏற்றம் ஏற்கிறேன், முட்டு ஏற்கவில்லை. முட்டு என்றால் மாணவர் தாங்குகோலைத்தான் நினைப்பார். கலைமான் ஆராய்ச்சியைத் தனி இழையில் தொடரலாம், எனக்கும் அதில் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் தெ. ஏன் 'காயில்' என்றே எழுதுகிறார்? மின்தூண்டி என்ற சொல் இருக்கிறதே.

பு.

—

மின்தூண்டி என்று கேட்டால் கடைக்காரர் திகைப்பார். மாணவர் பொருளோடு திரும்பி வர வேண்டும். திசைச்சொல்லையும் இலக்கணம் ஏற்றுக்கொண்டதுதானே, ஐயா.

தெ.

—

நண்பர்களே, அச்சகம் இதற்கு மேல் காத்திராது. நால்வர் ஏற்றிறக்கி, ஒருவர் நிரவி. முதல் முறை மட்டும் 'கடைகளில் பக்-பூஸ்ட் மாட்யூல் எனப்படும் ஏற்றிறக்கி' என்று எழுதுகிறேன். பாடத்தில் மின்தூண்டி, வாங்கவேண்டியவை பட்டியலில் காயில். ம. சுட்டிய குழப்பத்துக்காக, பழுதின் பெயரை 'ஏற்ற இறக்கம்' என்பதிலிருந்து 'தள்ளாட்டம்' என்று மாற்றிவிட்டேன்.

கோ.

—

தள்ளாட்டம் பொருத்தமான சொல். நிரவிக்கு நான் அளித்த வாக்கு அப்படியே இருக்கட்டும். ஒரு கேள்வி: செல்கள் 8.4-ல் இருந்து வெளியீடு 9 என்றால் இரண்டும் மிக நெருக்கம். பல ஐசிக்களில் அப்போது நான்கு ஸ்விட்சும் மாறிமாறி ஓடும், சிற்றலை கூடும். அந்தப் பழுதை ஏற்றுநிலையில் எழுதுவீர்களா, இறக்குநிலையிலா?

ம.

—

இரண்டிலும் இல்லை. மூன்றாவது பத்தி வேண்டும். 'நடுநிலை' என்றும் எழுத முடியாது, நியூட்ரல் வயருக்கு அந்தச் சொல் முன்பே போய்விட்டது.

தெ.