லித் நகரத்துக் குரல்

ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது என் பக்கத்து மேசைக்காரர் ஒரு பாலஸ்தீனர். பிறந்தது அம்மானில். ஒருநாள் மதியம் டீ கிளாஸில் போனைச் சாய்த்து வைத்து, "இதைக் கேள்" என்றார். தாமெர் நஃபாரின் குரலை நான் முதலில் கேட்டது அப்படித்தான். அரபு ராப். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. பாட்டின் பெயர் 'மீன் இர்ஹாபி', அதாவது 'யார் பயங்கரவாதி?'. 2001-இல் வந்தது.

அப்புறம் நானே தேடிக் கேட்க ஆரம்பித்தேன். தாமெரும் பாலஸ்தீனர்தான். 1979-இல் இஸ்ரேலில் உள்ள லித் நகரில் பிறந்தவர். எபிரேயத்தில் அதை லோட் என்பார்கள். அமெரிக்க ராப் பாடகர் டூபாக்கின் பாட்டுகளைக் கேட்டு, அகராதியைப் புரட்டிப் புரட்டி ஆங்கிலம் கற்றவர். தம்பி சுஹெலையும் நண்பர் மஹ்மூத் ஜ்ரேரியையும் சேர்த்துக்கொண்டு 'தாம்' குழுவைத் தொடங்கினார். அரபியிலும் எபிரேயத்திலும் ரத்தத்தைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டும் பெயர் அது. அவர்கள் எபிரேயத்திலும் பாடுவார்கள். யாரை நோக்கிக் கேட்கிறார்களோ அவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா!

எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது இன்னொரு பாட்டால். குடும்ப மானம் என்ற பெயரில் பெண்களைக் கொல்வதை எதிர்த்து, பாடகி அமல் முர்குஸுடன் சேர்ந்து 2012-இல் வெளியிட்டது. சொந்த ஜனத்தைப் பார்த்து அப்படிக் கேட்க நிஜமாகவே தைரியம் வேண்டும்.

2016-இல் 'ஜங்ஷன் 48' என்ற படம் வந்தது. இயக்கம் ஊதி அலோனி. திரைக்கதையில் தாமெருக்கும் பங்கு உண்டு. கரீம் என்ற ராப் பாடகனாக நடித்தவரும் அவரே. பெர்லின் விழாவின் பனோரமா பிரிவில் பார்வையாளர் விருது கிடைத்தது. நண்பனின் வீட்டை இடித்துவிட்டு அங்கே நல்லிணக்க அருங்காட்சியகம் கட்டப்போகிறார்கள் என்று ஒரு கிளைக்கதை வரும். அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் படத்தை என் பக்கத்து மேசை நண்பரின் அறையில்தான் பார்த்தோம். கதை எங்கோ போய்க்கொண்டிருக்க, அவர் அடிக்கடி "நிறுத்து, நிறுத்து" என்றார். திரைக்கு அருகே போய்ச் சுவர்களையும் சந்துகளையும் உற்றுப் பார்த்தார். இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில், 1948 ஜூலையில் லித்திலிருந்து பல்லாயிரம் பேர் விரட்டப்பட்டார்களே, அதில் அவருடைய பாட்டியும் ஒருவர். தெருப் பெயர் ஏதும் அவருக்குத் தெரியாது. வீட்டு முற்றத்தில் ஓர் எலுமிச்சை மரம் இருந்ததாகப் பாட்டி சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. படம் முடியும் வரை மரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.